நான் கீறிய காசுகள்

எனக்குக் கலியாணம் பேசி முடித்த வருடம் கடலில் நல்ல மீன்பாடு. சாய்ந்தமருதில் வாப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கரைவலை இருந்தது. வலை இழுக்கிற நாட்களில் கீரி மீன் கரையில் வெள்ளிக் குவியலாகக் கிடக்கும். அந்த வருடம் உம்மாவின் கையிலும் கொஞ்சம் பவுண் சேர்ந்தது. மகளுக்கு ஒரு காசுமாலை செய்து போட்டுத்தான் நிக்காஹ் முடிப்பது என்று உம்மா தீர்மானித்துவிட்டா.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் காசுமாலை என்றால் பவுண்காசு கோத்த மாலை. காசின் ஒரு பக்கத்தில் இங்கிலாந்து ராசாவின் தலை இருக்கும். அசல் காசு கிடைக்காதவர்கள் மெல்லிய பவுண் தகட்டைத் தட்டாரிடம் கொடுத்து அச்சில் அடிப்பித்துக்கொள்வார்கள். அதிலும் அதே ராசாதான். மூக்கு மட்டும் தட்டாருக்குத் தட்டார் மாறும்.

வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு உம்மாவைக் கேட்டார்.

"தொழுகிற புள்ளைட நெஞ்சில வெள்ளக்காரன்ட தலை என்னத்துக்கு?"

"ஊரெல்லாம் அதத்தானே போடுறாங்க."

"ஊர் போடட்டும். நம்மட புள்ளைக்கு வேற என்னவும் அடிக்கச் செல்லு."

"வேற என்னத்த?" என்றா உம்மா. 

நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "நான் கீறித் தாறன்" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டேன்.

கலியாணம் பேசிய பிள்ளை தன் நகையைப் பற்றித் தானே வாய் திறப்பது அப்போது வழக்கமில்லை. உம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. வாப்பா சிரித்துவிட்டார். "கீறட்டுமே. பாய்க்குக் கீறுறவதானே" என்றார்.

அது உண்மைதான். பெரிய பிள்ளையானதும் என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு என் படிப்பெல்லாம் பன் புல்லில் இழைக்கிற பாயில்தான் நடந்தது. பாயின் நடுவில் என்ன கோலம் வரவேண்டும், கரையில் எந்த நிறம் ஓடவேண்டும் என்று நான் கரித்துண்டால் தாளில் கீறிக் கொடுப்பேன். உம்மாவும் அவவின் தங்கை சாச்சியும் அதைப் பார்த்து இழைப்பார்கள். அயல் வீடுகளிலிருந்தும் கேட்டு வருவார்கள்.

ஆனால் பாய்க்குக் கீறுவது வேறு, காசுக்குக் கீறுவது வேறு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பாய்க் கோலம் எல்லாம் நேர்கோடும் மூலையும். தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் போட்டு அதற்குள் ஒரு பாய்க் கோலத்தை வைத்தால், நான்கு மூலையும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற ஆட்டைப் போல வட்டத்துக்கு வெளியே நின்றன. மூலையை வெட்டினால் கோலம் செத்துப்போனது. வட்டமாக இருக்கிற ஒன்றுதான் வட்டத்துக்குள் சும்மா இருக்கும் என்று விளங்கியது. அதற்குப் பிறகு நான் வீடு முழுக்க வட்டம் தேடினேன். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வாழைத்தண்டை வெட்டிப் பார்த்தேன். கறிக்கு வெட்ட வேண்டியதையெல்லாம் பார்ப்பதற்காகவே வெட்டுகிறாள் என்று உம்மா ஏசினா.

கடைசியில் அது வாப்பாவின் வலையில் வந்தது. மீனோடு சிக்கி வரும் வட்டமான, தட்டையான ஒரு கடற் பொருள். காய்ந்தால் வெளுத்து பிஸ்கட் போல இருக்கும். அதன் மேல் யாரோ ஊசியால் குத்திக் குத்திப் போட்டது மாதிரி ஐந்து இதழில் ஒரு பூ. சின்ன வயதில் நாங்கள் அதைக் கடற்காசு என்று சொல்லிக் கடை வைத்து விளையாடுவோம். வாப்பா அன்றைக்கு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இந்தா. இதுல ராசாவும் இல்ல, மந்திரியும் இல்ல."

நான் அந்த ஐந்து இதழையும் எடுத்துக்கொண்டேன். சுற்றிவர ஒரு பாய்க்கரை ஓட விட்டேன். வட்டத்தோடு வளைந்து போகிற கரை. அது வட்டத்துக்குள் போய் உட்கார்ந்ததும் எழும்பி நின்று பார்த்தேன். இருந்து பார்த்தேன். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் காசாகத்தான் இருந்தது.

தட்டார் காரைதீவிலிருந்து வந்தார். தகப்பனிடமிருந்து பிரிந்து சொந்தமாகப் பட்டறை போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கூடவே தன் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அவர் முன் அறையில் வாப்பாவோடு கதைத்துக்கொண்டிருக்க, அந்த அக்கா குசினிக்குள் வந்து என் பக்கத்தில் பலகை போட்டு இருந்துவிட்டா. நான் தட்டாரின் முன்னால் போக முடியாது. அதனால் என் பேச்சு அக்காவின் வாய் வழியாக முன் அறைக்குப் போய், அவருடைய பேச்சு அக்காவின் வாய் வழியாகக் குசினிக்கு வரும்.

அக்கா தாளைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பி வந்தா.

"தங்கச்சி, இவர் சொல்றார், வடிவா இருக்காம். ஆனா கோடு கூடிப்போச்சாம். இரும்புல வெட்டினா இவ்வளவும் நிக்காதாம்."

"எந்தக் கோட்டை எடுக்கிறது எண்டு கேளுங்க."

அக்கா போய்க் கேட்டுவிட்டு வந்தா. "அது உங்களுக்குத்தான் தெரியுமாம்."

நான் ஒரு கோட்டை எடுத்தேன். அக்கா கொண்டுபோனா. இன்னும் ஒன்று எடுக்கச் சொல்லி வந்தது. எடுத்தேன். இப்படியே அந்தப் பகல் முழுக்க அக்கா முன் அறைக்கும் குசினிக்கும் நடந்தா. நடுவில் உம்மா அவவுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "காரைதீவில இரிந்து வந்தத விட இதுக்குள்ள கூட நடந்திட்டீங்க புள்ள" என்றா.

தட்டார் அதைக் கவராயத்தால் அளந்து சிறிதாக்கி, இரும்பில் வெட்டி, அச்சு சரியா என்று பார்க்க முதலில் ஈயத்தில் அடித்துப் பார்த்தார். அந்த ஈயத் துண்டை அக்கா முந்தானையில் முடிந்து கொண்டுவந்தா. அதை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினேன். தாளில் தட்டையாகக் கிடந்த என் பூ எழும்பி நின்றது. இதழுக்கும் இதழுக்கும் இடையில் நான் ஒன்றும் கீறாமல் விட்ட இடம் பள்ளமாகி, அந்தப் பள்ளத்தால்தான் பூ பூவாகத் தெரிந்தது. கீறாத இடமும் வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பத் தடவினேன். அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தா. பிறகு உம்மாவும் கையைக் கழுவிவிட்டு வந்து தடவினா. மூன்று பேரும் குசினிக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததைக் கண்டு வாப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

கலியாணத்தன்று அந்த மாலை என் கழுத்தில் கிடந்தது. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு இருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து என் தாடையைத் தூக்கி முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே மாலையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஒரு மாமி காசு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டா.

"இது எந்த ஊர்க் காசு புள்ள?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் முடியாது. பக்கத்தில் இருந்த என் சாச்சி எனக்காகப் பதில் சொன்னா. ஏன் அப்படிச் சொன்னா என்று பிறகு கேட்டபோது, வாயில் வந்தது, சொன்னேன் என்றா.

"மக்கத்துக் காசு."

அவ்வளவுதான். மக்கா என்றதும் மாமியின் முகம் மாறிவிட்டது. காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. அவவுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒற்றிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்தபடி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். தோள் குலுங்கியதைப் பார்த்துப் பிள்ளை அழுகிறாள் என்று சொன்னார்கள்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். அவர் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார், மருதமுனை ஆள். வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "மக்கத்துக்குப் போய் வந்தது யாரு, மாமாவா?" என்பது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறா எழும்பிப் பறந்தது. இந்த ஆளோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்து மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்த அன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

"ராத்தா, இது மக்கத்துக் காசில்ல. நான் கீறினது. காரைதீவுத் தட்டார் அடிச்சது. பிள்ளைய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றேன்.

அங்கே இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாச்சி மெல்ல எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டா. மாப்பிள்ளை வீட்டு மாமியும் அன்றைக்கு இருந்தா. காசை இன்னொருமுறை தூக்கிப் பார்த்தா. "நல்ல கை" என்றா. பிறகு, "என்ட மகளுக்கும் அடுத்த மாசம் கலியாணம். அவளுக்கும் ஒண்டு கீறு" என்றா. பிள்ளையின் காய்ச்சல் ஆசுபத்திரி மருந்தில் இறங்கியது. அந்தத் தாயும் பின்னொரு நாள் வந்து தன் தங்கைக்கு ஒன்று கேட்டா.

அப்படித்தான் நான் காசு கீறுகிறவள் ஆனேன். நிந்தவூரில் வயல்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நெற்கதிரை வளைத்துக் கீறினேன். மருதமுனையில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு, தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாக்களைத் தலையோடு தலை முட்டவைத்துக் கீறினேன். தூரத்தில் பார்த்தால் அது நட்சத்திரமாகத் தெரியும். ஒரு பெண்ணுக்குக் கீறியதை இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கமாட்டேன். தட்டாருக்கு அது கூடுதல் வேலை. ஆனாலும் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அக்கா வருவா, தாளை வாங்குவா, ஒரு கோட்டை எடுக்கச் சொல்வா, இருந்து கதைத்துவிட்டுப் போவா. கதைதான் கூட.

அடுத்தது பதக்கம். என் கணவர் கடை பூட்டியதும் பந்தடிக்கப் போவார். கல்முனையில் சுற்றுவட்ட ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரு உதைபந்துப் போட்டி வைத்தார்கள். வெல்லுகிற அணிக்கு வெள்ளிப் பதக்கம் கொடுப்பதென்று முடிவு. கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்று யாரோ சொல்ல, இவர், "கொழும்பு என்னத்துக்கு? எங்கட வீட்டில கீறுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"நான் பந்தடியக் கண்டதே இல்லையே" என்றேன். பெண்கள் மைதானத்துப் பக்கம் போவதில்லை.

"அதுக்கென்ன, நான் காட்டுறன்."

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் பந்தை வைத்தார். பின்னால் போனார். ஓடி வந்து அடித்தார். பந்து வேலியில் பட்டுத் திரும்பி வந்து உம்மாவின் தண்ணீர்க் குடத்தை உடைத்தது. மருமகனை ஏசலாமா? உம்மா மற்றக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. நான் சொன்னேன், "அடிக்க வேணாம். அடிக்கிற மாதிரிக் காலை வெச்சிக்கிட்டு அப்படியே நில்லுங்க."

நின்றார். ஒற்றைக் காலில், முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு. நான் கீறி முடிக்கும் வரை, "இன்னுமா, இன்னுமா" என்று கேட்டபடி நின்றார்.

போட்டிக்காரர்கள் ஆள் முழுதாகப் பந்தடிப்பது போல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பள்ளிவாசல் பெரியவர்கள் சிலருக்கு உருவம் போடுவதில் சம்மதமில்லை. எனக்கோ அவ்வளவு சிறிய வட்டத்துக்குள் முழு ஆள் எறும்பு மாதிரித்தான் தெரிந்தது. நான் ஒரு காலை மட்டும் கீறினேன். வெறுங்கால், அப்போது எல்லோரும் வெறுங்காலோடுதான் அடித்தார்கள். கால் நுனியில் பந்து. கண்டதை அப்படியே கீறிவிட்டேன். அவருடைய பெருவிரல் எப்போதோ அடிபட்டு உள்ளே வளைந்திருந்தது. அதையும் கீறினேன். முகம் இல்லை என்பதால் பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளி தடிப்பு. சுத்தியலுக்கு அடங்கவில்லை என்று அக்கா வந்து சொன்னா. தட்டார் அச்சைத் தூக்கிக்கொண்டு கல்முனையில் லொறி திருத்துகிற கராஜுக்குப் போய், அங்கே இரும்பை நெருக்கி வளைக்கிற பொறியில் வைத்து அடிப்பித்தாராம். "லொறிக்காரர் எல்லாரும் வேலைய விட்டுட்டு வந்து பார்த்தாங்களாம். இவருக்குத் தலை கால் தெரியல்ல" என்றா. அவவுக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது.

பதக்கத்தைக் கையில் வாங்கியதும் என் கணவர் உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இது என்ட கால்."

"ஓம்."

"விரலையும் போட்டிரிக்க."

"அது அப்படித்தானே இரிக்கி."

அன்றிலிருந்து போட்டி முடியும் வரை அவர் நடந்த நடையே வேறு. அவருடைய அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. தன் காலைத் தானே நெஞ்சில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நாங்கள் இருவரும் வீட்டுக்குள் சொல்லிச் சிரித்தோம். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தில் காரைதீவு வென்றது.

பொழுதுபட்டு வீட்டுக்கு வந்தவர் கிணற்றில் நீண்ட நேரம் குளித்தார். சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.  திடீரென்று அவராகவே சிரிக்கத் தொடங்கினார். "காரைதீவில இப்ப வீட்டுக்கு வீடு என்ட கால்தான் தொங்குது" என்றார். பிறகு மீன் பொரியல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டு நாளில் அக்கா வந்தா. வென்ற அணியில் அவவுடைய சொந்தத் தம்பியும் இருந்தான். பதக்கத்தைக் கழற்றாமல்தான் குளிக்கிறான், கழற்றாமல்தான் படுக்கிறான் என்று பெருமையாகச் சொன்னா. என்னால் அடக்க முடியவில்லை. அது யாருடைய கால் என்று சொல்லிவிட்டேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தா. ஊருக்குப் போய்ச் சொல்லாமல் இருப்பாவா?

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி சைக்கிளில் எங்கள் வாசலுக்கு வந்தான். பதக்கம் கழுத்தில்தான் கிடந்தது.

"அண்ணன், ஒருக்கா உங்கட காலைக் காட்டுங்க" என்றான்.

இவர் காலை நீட்டினார். அவன் பதக்கத்தைக் கழற்றிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். விரலைப் பார்த்தான். "சரியா இருக்கு" என்றான்.

"கோல் அடிக்காத கால் தம்பி. நெஞ்சில போடலாமா?"

"நான் அடிச்ச கோலுக்குத் தந்தது அண்ணன். யார்ட கால் எண்டாலும் கழட்டமாட்டன்."

உம்மா அவனுக்குச் சோறு போட்டா. அதன் பிறகு அவர்கள் இருவரும் எதிர் எதிர் அணியில் ஆடிவிட்டு ஒன்றாகச் சைக்கிளில் வருவார்கள். எங்கள் வீட்டில் உலை கொஞ்சம் பெரிதானது.

அடுத்த வருடமும் பதக்கம் கேட்டு வந்தார்கள். இம்முறை நான் ஒரே பிடியாக நின்றேன். "ஆட்டத்தப் பார்க்காமக் கீறமாட்டன்."

அவர் வாப்பாவிடம் போய்க் கதைத்தார். வாப்பா யோசித்துவிட்டு, கூடாரம் போட்ட மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்துத் தந்தார். அப்போது என் வயிற்றில் பிள்ளை இருந்தது. வண்டி குலுங்கக் கூடாது என்று உம்மா அடியில் வைக்கோல் பரப்பி, அதற்கு மேல் பாய் விரித்து, தானும் ஏறிக்கொண்டா. சாச்சியும் ஏறினா. வழியில் அக்காவும் வந்து ஏறினா. மைதானத்து ஓரத்தில் ஒரு வாகை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கூடாரத்துச் சீலையை விரலால் விலக்கிக்கொண்டு நான்கு பேரும் பார்த்தோம்.

நான் தாளும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். ஒரு கோடு கீறவில்லை. இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் அப்படி ஓடுவார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. முற்றத்தில் முருங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் அங்கே காற்றுப் போலப் போனார். உம்மாதான் முதலில் சத்தம் போட்டா. "அவருக்குக் குடுங்க மனே, எங்கட மருமகனுக்குக் குடுங்க" என்று சீலைக்குள்ளிருந்து கத்தினா. அக்கா தம்பிக்காகக் கத்தினா. சாச்சி யார் பந்தை வைத்திருந்தாலும் அவனுக்காகக் கத்தினா. வண்டிக்காரர் மாடு மிரளாமல் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரோ கொடுத்த பழைய மீன்வலையைக் கட்டியிருந்தார்கள். இவர் அடித்த ஒரு பந்து அதற்குள் போய் விழுந்தது. வலை பின்னால் வயிறு தள்ளியது. அதன் கண்ணெல்லாம் ஒரு பக்கம் இழுபட்டு, பந்து ஒரு கணம் அங்கேயே தங்கி நின்றது. எனக்கு வேறொன்றும் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அந்த வருடத்துப் பதக்கத்தில் அந்த வலையைத்தான் போட்டேன். வட்டம் முழுக்க வலை, வட்டத்தோடு வளைகிற வலை. நடுவில் பந்து தங்கிய பள்ளம். எந்தக் கோட்டையும் எடுக்கச் சொல்லித் தட்டார் ஆள் அனுப்பவில்லை. அது போதும் எனக்கு.

அந்த முறை இவருடைய அணி வென்றது. பதக்கத்தைக் கொண்டுவந்து அவர் என் கையில் தந்த மாதத்தில்தான் எங்கள் மூத்த மகள் பிறந்தாள். அவளுக்குப் பல் முளைக்கிற நேரம் கையில் எது கொடுத்தாலும் எறிந்துவிடுவாள். அந்தப் பதக்கத்தை மட்டும் வாயை விட்டு எடுக்கமாட்டாள். வெள்ளி வலையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல்லுத் தடம் விழுந்துவிட்டது. தட்டாரிடம் கொடுத்து மினுக்கி எடுப்போமா என்று ஒருநாள் இவரிடம் கேட்டேன்.

"வேணாம்" என்றார் அவர். "அவள் கீறினதும் இரிக்கட்டும்."